சிம்பல் டேபிளில் டேட்டா டைப்பை எப்படிப் பதிவது?

கேள்வி:
சி மொழியின் ஒரு சிறு பகுதிக்குக் கம்பைலர் எழுதி வருகிறேன். நிரலில் வரும் பெயர்களின் விவரங்களைக் கம்பைலர் குறித்துவைக்கும் சிம்பல் டேபிளில், ஒவ்வொரு பெயருக்கும் டைப்பை ஓர் எண்ணாகக் குறித்திருந்தேன்: இன்ட் (முழு எண்) என்றால் 1, சார் (எழுத்து) என்றால் 2. இப்போது இன்டுக்குப் பாயின்டர் (அதன் முகவரியை வைத்திருப்பது), அந்தப் பாயின்டருக்கு இன்னொரு பாயின்டர் என்று நீண்டுகொண்டே போகும் டைப்புகளுக்கு எத்தனை எண்களைத்தான் ஒதுக்குவது?

பதில் 1:
எண்ணை விட்டுவிட்டு, டைப்பை ஒரு மரமாகக் கட்டுங்கள். இன்ட் பாயின்டர்கள் 10 கொண்ட அரே என்றால், மேலே 10 என்ற அளவுடன் அரே கணு, அதன் கீழே பாயின்டர் கணு, அடியில் இன்ட். டேபிளில் இருக்க வேண்டியது மேல் கணுவின் முகவரி மட்டுமே. நிரலில் அடைப்புக்குறியிட்டு ஓர் உறுப்பை எடுக்கும்போது மரத்தில் ஒரு படி கீழே இறங்கினால், அந்த உறுப்பின் டைப் தானாகவே கிடைத்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதுடன், ஒரே டைப்புக்கு ஒரே கணுதான் இருக்குமாறு, ஏற்கெனவே கட்டிய கணுவை விரைவாகத் தேடி எடுக்க ஹாஷ் டேபிள் ஒன்றையும் வைத்துக்கொண்டால், இரண்டு டைப்புகள் ஒன்றா என்பதை முகவரிகளை ஒப்பிட்டே அறியலாம். பல உறுப்புகளை ஒன்றாகச் சேர்த்த ஸ்ட்ரக்டுகளை மட்டும் இப்படி இணைத்துவிடாதீர்கள். ஒரே கோப்பில் உறுப்புகள் அச்சாக ஒத்திருந்தாலும், டேக் (ஸ்ட்ரக்டுக்கு இட்ட பெயர்) வேறானால் சி மொழியில் அவை வேறு டைப்புகளே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தன்னையே சுட்டும் பாயின்டரை உறுப்பாகக் கொண்ட ஸ்ட்ரக்டை எப்படிக் கட்டுவது?

பதில் 2:
டேகைப் படித்தவுடனேயே முழுமையடையாத கணு ஒன்றை உருவாக்கி சிம்பல் டேபிளில் சேருங்கள். உள்ளிருக்கும் பாயின்டர் அதையே சுட்டட்டும். உறுப்புகளையும் அளவையும் மூடும் அடைப்புக்குறி வந்தபின் அதே கணுவில் நிரப்புங்கள்.