புதுப்பிப்பு: குடித்துவிட்டு பைக் ஓட்டிச் சிக்கிய தம்பியின் வழக்கு

போன மாதம் சென்னையில் வாகனச் சோதனையில் தம்பி மாட்டியதும் என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். வக்கீலைப் பார்த்துவிட்டோம். அவர் முதலில் கேட்டது, மது அளவைப் பார்க்கத் தம்பி வாயால் ஊதிய கருவியில் வந்த சின்னச் சீட்டைத்தான். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு பாயும். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"ஊத மாட்டேன்னு அடம்பிடிக்காம இருந்தானே, நல்லதாப் போச்சு" என்றார். தக்க காரணமில்லாமல் மறுத்தால் அதுவே எதிரான சாட்சியமாகலாமாம்.

அப்புறம், போலீஸ் பிடித்து வைத்த வண்டி கைக்கு வந்ததும் வழக்கு முடிந்தது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி நம்பாதீர்கள். சம்மனுக்குப் போகாவிட்டால் வாரண்ட் வரும். பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று வந்த புரோக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். லைசென்ஸ் விஷயம் இன்னும் பாக்கி, தெரிந்ததும் எழுதுகிறேன்.