ஆவி அழுத்தம் அளந்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மெர்பேங்க், டர்பன்:
பெயின்ட் கரைப்பான்களைச் சோதிக்கும் லேபில் வேலை. எங்களிடம் இருப்பது ஐசோடெனிஸ்கோப், அதாவது ஆவி அழுத்தத்தை (மூடிய இடத்தில் திரவத்தின் ஆவி கொடுக்கும் அழுத்தத்தை) அளக்கும் கருவி. சின்னக் கண்ணாடிக் குமிழில் திரவம், அதை ஒட்டிய யு குழாயிலும் அதே திரவம். வெப்பம் மாறாத தொட்டியில் இறக்கி, பம்பால் அழுத்தத்தைக் குறைத்து மெல்லக் கொதிக்க விடுவோம். கரைந்திருக்கும் காற்று அப்போதுதான் வெளியேறும். அப்புறம் நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, குழாயின் இரு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும்போது அழுத்தமானி காட்டுவதுதான் விடை.

கேட்க எளிது. ஆனால் நேரமெல்லாம் அந்தக் காற்றை விரட்டுவதிலேயே போய்விடும். துளி மிச்சமிருந்தாலும் எண் ஏறிவிடும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு அளவுகள் ஒத்துப்போகும்வரை எங்கள் மேற்பார்வையாளர் அக்கா எதையும் எழுத விடமாட்டார். புதிதாக வருபவர்கள் முணுமுணுப்பார்கள். நான் அக்கா கட்சி.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்:
அண்ணா, நீங்கள் அளக்கும் அந்த எண்ணை வைத்துத்தான் எங்கள் கிடங்கில் பாதுகாப்புக் கணக்குப் போடுகிறேன். 20 டிகிரியில் டொலுவீன் என்ற பெயின்ட் கரைப்பானுக்கு 2.9 கிலோபாஸ்கல் (அழுத்த அலகு), அது டர்பனிலும் இங்கும் ஒன்றுதான். காற்றழுத்தம்தான் வேறு. கடலோரத்தில் 101, இந்த உயரத்தில் 83 அளவுக்குத்தான். அதனால் காற்றுப்போக்கி உள்ள தொட்டியில் திரவத்துக்கு மேலே தேங்கும் ஆவி உங்கள் ஊரில் 2.9 சதவீதம் என்றால் இங்கே 3.5. டொலுவீன் ஆவி தீப்பிடிப்பது சுமார் 1.1 முதல் 7.1 சதவீதம் வரை. இரண்டு ஊருமே நட்டநடுவில் மாட்டுகிறது! அசிட்டோன் என்ற இன்னொரு கரைப்பான் வேறு மாதிரி. அதன் ஆவி உங்கள் ஊரிலேயே 24 சதவீதத்தைத் தொடும், எரிய முடியாத அளவுக்கு அடர்த்தி. தொட்டியைக் காலி செய்யும்போது காற்று உள்ளே புகுந்து, ஆவி தீப்பிடிக்கும் அளவுக்கு நீர்த்துப்போனால்தான் வம்பு.

போன மாதம் ஒரு லாரி ஓட்டுநர் வந்து, காலி டொலுவீன் டிரம் ஒன்று கொடுங்கள், கிரைண்டரால் பாதியாக வெட்டி பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பு செய்யப் போகிறேன் என்றார். முடியாது என்றேன். “காலிதானே தம்பி?” என்று கோபித்துக்கொண்டார். 200 லிட்டர் டிரம் வெடிக்கும் நிலைக்கு வர சுமார் 10 மில்லி டொலுவீன் ஆவியானால் போதும், இரண்டு தேக்கரண்டி!

சாட்ஸ்வர்த், டர்பன்:
கழுவிவிட்டு வெட்டினால்?

லெனேசியா:
வேண்டாம் அக்கா. விளிம்பு மடிப்புக்குள் தங்கியது தண்ணீரில் போகாது, சூடு பட்டதும் வெளியே வரும். சமையல் எண்ணெய் வந்த டிரம்மானாலும் வெட்டும் சூட்டில் ஆபத்துதான். பிராய்க்குக் கடையிலேயே அடுப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.