ஃபேஸ்லிஃப்ட்: பாதி விலைக்குச் செய்கிறார்கள், நம்பலாமா?

சாயங்காலம்:
எனக்கு 57 வயது. தாடை ஓரத்திலும் கழுத்திலும் தோல் தொங்கிவிட்டது, ஃபேஸ்லிஃப்ட் (தொங்கும் முகத்தை இறுக்கும் ஆபரேஷன்) செய்துகொள்ளலாம் என்று இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஒரு இடத்தில் மற்றதில் பாதிதான் கேட்கிறார்கள். ஒரு மணி நேர வேலை, மரத்துப்போக ஊசி மட்டும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இது ஆபத்தா, இல்லை மற்ற இடத்தில்தான் கூடுதலாகப் பிடுங்குகிறார்களா?

கறார்பேர்வழி:
பாதி விலைக்குப் பாதி வேலைதான் நடக்கும். தோலுக்கு அடியில் ஸ்மாஸ் என்று ஓர் அடுக்கு இருக்கிறது, 1976-லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு பேர் விவரித்து எழுதிவிட்டார்கள். அதை இறுக்கித் தைத்தால்தான் பலன் நிற்கும். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் இழுப்பு முழுக்கத் தையல் மேல் விழுந்து வடு அகலமாகும், காது மடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டினாற்போல ஆகும். முழு ஃபேஸ்லிஃப்ட் என்றால் சில மணி நேரம் பிடிக்கும், ஒரு மணி நேரத்தில் என்ன செய்யப் போகிறார்களாம்? அப்புறம் அந்தத் தொகையில் மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் அடக்கமா என்று கேட்டீர்களா? அழகுக்காகச் செய்வதற்குப் பொதுவாக இன்ஷூரன்ஸும் கிடையாது.

நிலைக்கண்ணாடி:
கறார், சும்மா பயமுறுத்தாதீர்கள். நான் மூன்று வருடம் முன்னால் செய்துகொண்டவள். லேசாகத் தளர்ந்த முகத்துக்குச் சின்ன வெட்டோடு முடிகிற வகையும் உண்டு. மரத்துப்போகும் ஊசியில் செய்வது ஒன்றும் குறை இல்லை, முழு மயக்கத்தின் செலவு மிச்சம், அவ்வளவுதான். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று யார் சொன்னது? நிறைய இடங்களில் காசு வரவேற்பறை சோபாவுக்கும் விளம்பரத்துக்கும்தான் போகிறது. முகத்தை அசைக்கும் நரம்பு நிரந்தரமாகக் கெடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எனக்கு வந்த தொல்லை காது மரத்துப்போனதுதான். ஒரு நாள் தோடு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை, தலையணையில் கிடந்தது. ஆறு மாதத்தில் உணர்ச்சி திரும்பிவிட்டது.

கறார்பேர்வழி:
உங்களுக்கு நல்லபடியாக முடிந்தது, சந்தோஷம். என் அக்காவையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். ராத்திரி 11 மணிக்கு இடது கன்னம் மட்டும் கல் மாதிரி இறுகி, தொட விடாமல் வலித்தது, வலது பக்கம் ஒன்றுமில்லை. கொடுத்த நம்பரை எடுக்க ஆளில்லை. உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. ஃபேஸ்லிஃப்ட்டில் அதிகமாக வரும் சிக்கலே அதுதான், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும், பிரஷர் ஏறினால் வாய்ப்பு இன்னும் கூடும். அப்படியே விட்டால் மேல் தோலுக்கு ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போகும். வேறு மருத்துவமனையில் திறந்து எடுத்தார்கள். இரண்டு பில்லையும் கூட்டினால் முதலில் "விலை கூடுதல்" என்று விட்டுவந்த இடத்தைத் தாண்டிவிட்டது.

நிலைக்கண்ணாடி:
அது விலையின் தப்பில்லையே, ராத்திரி போன் எடுக்க ஆள் வைக்காத தப்பு.

கறார்பேர்வழி:
ஆள் வைக்கத்தானே காசு வாங்குகிறார்கள்.

ஓரமாக ஒருவன்:
நடுவில் நுழைகிறேன். சிகரெட் உண்டா என்று யாருமே கேட்கவில்லையே? புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காதுக்குப் பின்னால் தோல் செத்துப்போகிற அபாயம் உண்டு. ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். ஆனால் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

சாயங்காலம்:
சிகரெட் இல்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், அந்த இடத்தில் கேட்கவே இல்லை! இன்று போன் செய்தேன். யார் செய்வார், அவருக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி பட்டம் உண்டா என்றால் "எங்கள் டீம் பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்றால் காலையில் வரச் சொன்னார்கள். திரும்பத் திறக்க நேர்ந்தால் பில் யாருடையது என்று கேட்டதற்கு "அப்படியெல்லாம் வராது மேடம்." இந்த வாரம் முன்பணம் கட்டினால் இன்னும் தள்ளுபடியாம்.

கறார்பேர்வழி:
தள்ளுபடி வேறா!

நிலைக்கண்ணாடி:
சரி, இந்த இடத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த இன்னொரு இடத்துக்கும் போன் போட்டு இதே கேள்விகளைக் கேளுங்கள். அங்கேயும் "டீம்" என்றால் என்ன செய்வீர்கள், கறார்?