நான்கு டிஸ்க்: ரெய்டு 5 போடுவதா, 10 போடுவதா?

கேள்வி:
புது சர்வருக்கு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு வந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடப்போகிறது. நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும். நான்கையும் ரெய்டாக, அதாவது ஒரு டிஸ்க் கெட்டாலும் டேட்டா போகாதபடி, ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ரெய்டு 5 போட்டால் 12 டெராபைட் கிடைக்கும், 10 போட்டால் 8தான். 4 டெராபைட்டை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:
டேட்டாபேஸ் என்றால் 10தான். ரெய்டு 5-இல் ஒரு சின்ன பிளாக்கை மாற்றவே பழைய டேட்டாவையும் பழைய பேரிட்டியையும் (கெட்ட டிஸ்க்கின் டேட்டாவைக் கணக்கிட்டு மீட்க உதவும் தகவல்) படித்து, அப்புறம் இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஒரு மாற்றத்துக்கு நான்கு வேலை. 10-இல் டிஸ்க்குகள் ஜோடி ஜோடியாக ஒரே டேட்டாவை வைத்திருக்கும் (மிரர்), அந்த இரண்டு டிஸ்க்கில் எழுதினால் முடிந்தது.

வேகத்தை விடுங்கள், எனக்குப் பயம் ரீபில்டை, அதாவது கெட்ட டிஸ்க்கின் டேட்டாவைப் புது டிஸ்க்கில் திரும்ப உருவாக்குவதை, நினைத்துத்தான். இதே போல நான்கு டிஸ்க் ரெய்டு 5 வைத்திருந்தேன். ஒன்று போனது, புதிதை மாட்டினேன். ரீபில்ட் முடிய மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். 71 சதவீதத்தில் இன்னொரு டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி). டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் அந்த டிஸ்க்கையும் ஒதுக்கிவிட்டது, மொத்தமும் போயிற்று. அந்த செக்டர் எப்போது கெட்டதோ, யாரும் அந்தப் பக்கம் போகாததால் வெளியே தெரியவில்லை. மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லா டிஸ்க்கையும் முழுதாகப் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டியிருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும். நான்கும் ஒரே பேட்சில் தயாரானவை வேறு, அப்படிப்பட்டவை ஒரே சமயத்தில் கெட வாய்ப்பு அதிகம்.

இன்னொருவர்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 10-இல் ஒரே ஜோடியில் இரண்டும் போனால் மீட்க முடியாது. ரெய்டு 6-இலும் அதே 8 டெராபைட்தான், ஆனால் எந்த இரண்டு போனாலும் தாங்கும். எழுதும் வேகம்தான் 5-ஐவிடவும் குறையும். பெரிய வீடியோ கோப்புகளைச் சேர்த்துவைக்க என்றால் 6 சொல்வேன், உங்கள் வேலைக்கு இல்லை.

கேட்டவர்:
சரி, 10 போட்டுவிட்டால் பேக்கப்பை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாமா?

முதலில் பதில் சொன்னவர்:
வேண்டாம், தயவுசெய்து முதலில் அதைச் செய்யுங்கள். தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் மிரரிலும் அந்த நொடியே அழிந்துவிடும். என் ரெய்டு 5 போன அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது வேறொரு மெஷினில் கிடந்த முந்தைய இரவு டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல்தான். டம்ப் எடுத்தால் மட்டும் போதாது, ஒருமுறை ரீஸ்டோர் செய்தும் பாருங்கள்.

கேட்டவர்:
இப்போதுதான் டிஸ்க்கின் ஸ்டிக்கர்களைப் பார்த்தேன். நான்கும் அடுத்தடுத்த சீரியல் எண். இரண்டைத் திருப்பிக் கொடுத்து வேறு பேட்ச் கேட்டிருக்கிறேன். ஜோடிக்கு ஒன்று பழையது, ஒன்று புதியது என்று மாட்டப்போகிறேன்.