கொரோனா கால வழக்கும் வாடகையும் சம்பளமும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

திருப்பூர், பனியன் ஜாப் ஒர்க் யூனிட்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது யூனிட்டில் பாதி தைத்த சரக்கு அப்படியே நின்றது. ஒடிசா, பீகார் பையன்கள் பக்கத்து லைன் வீடுகளில் இருந்தார்கள். நான்கு நாள் கழித்து, மார்ச் 29 அன்று மத்திய உள்துறை உத்தரவு வந்தது. மூடிய நாட்களுக்கும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் தர வேண்டும், தொழிலாளியிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றார்கள். பையன்கள் பசியோடு இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பில் பணமே வராதபோது முழுச் சம்பளத்துக்கு எங்கே போவது?

எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். ஏப்ரலுக்குப் பாதிச் சம்பளம், அரிசி பருப்பு என் பொறுப்பு என்று முடிவானது. அதைச் சம்பள நோட்டில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். அந்த உத்தரவு மே 18-ஓடு விலக்கப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றமும், முழுச் சம்பளம் தராதவர்கள் மேல் கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசி முடியுங்கள் என்று சொன்னது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கடன் கதை வேறு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இதைப் பலர் தள்ளுபடி என்றே நினைத்தார்கள். என் மெஷின் கடன் கொடுத்த நிறுவனம், நான் மெயில் அனுப்பிய பிறகும் தவணையை வங்கிக்கு அனுப்பி, பணம் இல்லாமல் தவணை திரும்பியதற்கான ரிட்டர்ன் சார்ஜும் விழ வைத்தது. ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை இணைத்து எழுத்தில் புகார் கொடுத்த பிறகே சார்ஜைத் திருப்பினார்கள். வட்டிக்கு வட்டி போட்டதில், 2 கோடி ரூபாய் வரையான கடன்களுக்கு அரசே வித்தியாசத்தைக் கொடுத்தது. 2021 மார்ச் 23 தீர்ப்பில் அந்த ஆறு மாதத்துக்கு யாரிடமும் கூட்டு வட்டி வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள்.

மதுரை, இரண்டு பிள்ளைகளின் அம்மா

திருப்பூர் அண்ணா சொன்னது போல எழுத்தில் இருப்பதுதான் பேசுகிறது. என் வீட்டுக்காரர் இரண்டாம் அலையில் போனார். 2021 மே தொடக்கத்தில் பாசிட்டிவ் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு வாரத்துக்குப் பிறகு எடுத்த டெஸ்டில் நெகட்டிவ். நுரையீரல் மட்டும் தேறவே இல்லை. ஆக்சிஜனிலேயே இருந்து, ஜூனில் அதே படுக்கையில் இறந்தார். காரணம் என்று மருத்துவமனை எழுதியது "சுவாசச் செயலிழப்பு". கொரோனா என்ற வார்த்தையே இல்லை. கேட்டால், கடைசி டெஸ்ட் நெகட்டிவ் அம்மா என்றார்கள். அந்த நேரத்தில் சண்டை போட எனக்குத் தெம்பு ஏது?

செப்டம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. பாசிட்டிவ் வந்து முப்பது நாளுக்குள் இறந்தால் வீட்டில் இறந்தாலும் கொரோனா மரணம்தான். மருத்துவமனையில் சேர்ந்து, அதே சேர்க்கையில் தொடர்ந்து இருந்தால் முப்பது நாள் தாண்டினாலும் அதே கணக்கு. இந்த இரண்டாவது வரிதான் என் வீட்டுக்காரருக்குப் பொருந்தியது. சான்றிதழில் காரணம் தவறாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம் என்றும் இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி அச்செடுத்துக் கொடுத்தான். ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு, சி.டி. ஸ்கேன், டெத் சம்மரி, பில்கள் எல்லாவற்றையும் சேர்த்து மனுக் கொடுத்தேன்.

குழுவில் இருந்த டாக்டர் சேர்த்த தேதியையும் இறந்த தேதியையும் பார்த்தார். நடுவில் வீட்டுக்குக் கூட்டிப் போனீர்களா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இல்லை என்றேன். கொரோனா மரணம் என்று ஆவணம் கொடுத்தார்கள். அதை வைத்து அரசு நிவாரணம் ஐம்பதாயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. ஐம்பதாயிரத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆவணம்தான் பெரிது. பிள்ளைகளுக்கு, பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தைகளுக்கென்று தமிழக அரசு அறிவித்த 3 லட்ச ரூபாய் உதவிக்கு விண்ணப்பிக்கும்போதும் அதைத்தான் கேட்டார்கள். அப்பா அம்மா இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 லட்சம் வைப்புத்தொகை. யாராவது விட்டிருந்தால் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒருமுறை கேளுங்கள், தயங்காதீர்கள்.

சேலம்

தங்கை கல்யாணம் 2020 மே மாதம். ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றதால் வீட்டோடு முடித்தோம். மண்டபக்காரர் அட்வான்ஸைத் தரவில்லை, வேறு தேதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இன்னொரு கல்யாணத்துக்கு எங்கே போவது? ஒப்பந்தச் சட்டம் 56, 65 பிரிவுகளைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கன்ஸ்யூமர் கோர்ட் வரை போகவில்லை, அதற்குள் சுத்தம் செய்த செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார். ரசீதில் தேதியும் மண்டபப் பெயரும் தெளிவாக இருந்தது உதவியது.

திருச்சி, ஜெராக்ஸ் கடை

கடை மூடியிருந்த மாதங்களுக்கும் ஓனர் வாடகையை அட்வான்ஸில் கழித்துவிட்டார். நானும் 56-ஆவது பிரிவைக் காட்டியிருக்கலாமா?

திருச்சி, வழக்கறிஞர்

சார், மண்டபம் வேறு, கடை வாடகை வேறு. குத்தகைக்கு 56 பொருந்தாது. 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் இதே கேள்வியைப் பார்த்தது. கடையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரடங்கைக் காரணம் காட்டி வாடகை தர மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருந்தால்தான் வழி என்றது. நம் ஊரில் பாதிக் கடைகளுக்கு அச்சடித்த பதினோரு மாதப் பத்திரம்தான், அதில் பேரிடர் பற்றி ஒரு வரி இருக்காது. இது வியாபாரிகளுக்கு நியாயமாக இல்லை என்பது என் கருத்து. அடுத்த முறை புதுப்பிக்கும்போது, அரசு உத்தரவால் கடை மூடினால் வாடகையில் எவ்வளவு குறையும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அப்போது வழக்குப் போடும் கெடு முடிந்துவிட்டது என்று பலர் வழக்கையே போடாமல் விட்டார்கள். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலம் அந்தக் கெடுக் கணக்கில் சேராது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவரின் செக் வழக்கை அந்த உத்தரவை வைத்துத்தான் தாக்கல் செய்தேன்.

சிவகங்கை

வக்கீல் மேடம், என் அம்மா 2021 ஜூனில் வீட்டில் இறந்தார். பாசிட்டிவ் ரிப்போர்ட் இருக்கிறது. நாங்கள் ஐம்பதாயிரத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. இனி முடியாதா?

திருச்சி, வழக்கறிஞர்

2022 மார்ச் 20-க்கு முந்தைய மரணங்களுக்கு அந்த மார்ச் 24-இலிருந்து அறுபது நாள் கெடு கொடுத்து உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, அது முடிந்துவிட்டது. ஆனால் கடும் சிரமத்தால் நேரத்தில் கேட்க முடியாதவர்கள் குறைதீர்க் குழு மூலம் கோரலாம் என்று அதே உத்தரவில் இருக்கிறது. கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், இவ்வளவு தாமதத்துக்கு வலுவான காரணம் வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள தேதிக்கும் இறந்த தேதிக்கும் இடையில் முப்பது நாளுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், தாமதத்துக்கான காரணத்தை ஆதாரத்தோடு எழுதி, வாரிசுச் சான்றிதழோடு கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.