சேலம் அம்மாபேட்டை தறிக்கூடத்தில் வரைந்தால் முகமெல்லாம் செங்கல் நிறம், யாராவது உதவுங்கள்

தறிக்கூடம்:

வணக்கம். ஆயில் போர்ட்ரெய்ட் வரையறதுதான் பிழைப்பு. போன வருஷம் வரைக்கும் வாடகை வீட்டு ஹால்ல ஒரு மூலையில ஓட்டிட்டிருந்தேன். இந்தத் தை மாசம் தாத்தாவோட பழைய தறிக்கூடத்தைச் சுத்தம் பண்ணி ஸ்டுடியோ ஆக்கிட்டேன். 18-க்கு 12 அடி, மேலே சிமென்ட் ஷீட். தறி ரெண்டையும் எடுத்தாச்சு, நெய்யறவர் காலை விட்டு உட்கார்ற குழி மட்டும் அப்படியே கிடக்கு. வடக்குப் பார்த்து 4 அடிக்கு 4 அடி ஜன்னல். ஓவியருக்கு வடக்கு வெளிச்சம்தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு ஈசலை, அதான் கேன்வாஸ் நிறுத்தற ஸ்டாண்டை, அது பக்கத்துலயே போட்டேன்.

சிக்கல் என்னன்னா, இங்க நின்னு பார்த்தா படம் ஜோரா இருக்கு. வெளியே எடுத்துட்டுப் போனா முகமெல்லாம் செங்கல். போன வாரம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு வீட்டுக்கு அவங்க அப்பா படத்தைக் கொண்டுபோய் மாட்டினேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்பாவுக்குக் கோபம் வந்த மாதிரியே இருக்குங்க"ன்னாங்க. அவர் சிரிச்சுட்டிருக்கற படம் அது.

பெயின்ட் மேல சந்தேகப்பட்டு 4,200 ரூபாய்க்கு வெளிநாட்டு ட்யூப் வாங்கினேன். அதுலயும் அதே கதை. கண்ணு டெஸ்ட் பண்ணியாச்சு, குறை ஒண்ணும் இல்லையாம். டேப்லெட்டுல போட்டோ வெச்சுப் பார்த்து வரைவேன். ராத்திரிக்கு 20 வாட் எல்இடி ட்யூப் ஒண்ணு இருக்கு. ஒரு தம்பதி படம், 6 அடி உயரம், ஆடிக்குள்ள கொடுக்கணும். அதுவும் இப்படிப் போச்சுன்னா மீதிப் பணம் வராது.

கோரிமேடு:

ட்யூப்தான் பிரதர். டப்பாவைப் பாருங்க, 6500கே கூல் டேலைட்னு போட்டிருக்கும். கே-ங்கறது வெளிச்சத்தோட நிற அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும். நம்ம ஊர்க் கடையில கேட்காம கொடுக்கறதே அதுதான். அந்த நீல வெளிச்சத்துல வரைஞ்சா கை தானா சூடான நிறத்துக்குப் போகும். அச்சுத் தொழில்ல நிறம் சரிபார்க்கறவங்க 5000கே-தான் வெச்சிருப்பாங்க. கூடவே சிஆர்ஐ எவ்வளவுன்னு பாருங்க, வெளிச்சம் நிறத்தை எவ்வளவு உண்மையாக் காட்டுதுங்கற அளவு அது. 80-ன்னு இருந்தா ஆழ்ந்த சிவப்பெல்லாம் செத்த மாதிரி தெரியும், நீங்க இன்னும் கொஞ்சம் சிவப்பை அப்புவீங்க. 90-க்கு மேல வாங்குங்க.

தறிக்கூடம்:

டப்பாவுல 6500கே-தான் இருக்கு, சிஆர்ஐ போடலை. ஆனா முகத்தை நான் ராத்திரியில தொடறதே இல்லைங்க. காலைல 8-லேர்ந்து 12 வரைக்கும் ஜன்னல் வெளிச்சத்துலதான். ராத்திரி வேட்டி, நாற்காலி, பின்னணி மட்டும்.

ஏற்காடு 20-வது வளைவு:

அண்ணா, நீங்க கொடுத்து வெச்சவங்க, உங்களுக்கு நிறம்தான் பிரச்சினை. எங்க பக்கம் மழைக்காலம் வந்தா வாட்டர்கலர் பேப்பரே புள்ளி புள்ளியாப் பூக்குது. பேப்பர் மேல இருக்கற பசைப் பூச்சு ஈரத்துல கெட்டுப்போய், தூரிகை வெச்ச இடத்துல டிஷ்யூ மாதிரி உறிஞ்சிடுது. மூடின டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டுக் காப்பாத்திட்டிருக்கேன். மத்தபடி வெளிச்சத்துக்குக் குறையே இல்லை. பனி இறங்கிடுச்சுன்னா எல்லா ஜன்னலும் வடக்கு ஜன்னல்தான்.

பலகை மாமா:

மலைக்காரத் தம்பி, உன் பூஞ்சைக்குத் தனியா இழை போடு.

தறிக்கூடம் தம்பி, நான் நாற்பது வருஷமா கடைப் பலகை எழுதறவன், போர்ட்ரெய்ட் தெரியாது. ஆனா கேட்கறேன். தை, மாசியில அதே ரூம்ல வரைஞ்ச படம் எப்படி இருந்துச்சு? அதுவும் செங்கலா?

தறிக்கூடம்:

மாமா, நல்ல கேள்வி. இப்பதான் ஒண்ணை எடுத்து வாசல்ல வெச்சுப் பார்த்தேன். மாசியில ஒரு பாட்டி படம் பண்ணினேன், வாங்க வரலை, இங்கேயே இருக்கு. அது நல்லாத்தான் இருக்கு! பங்குனிக் கடைசிக்கு அப்புறம் பண்ணினதுதான் எல்லாம் சிவப்பு. பெயின்ட் அதே பெயின்ட்.

பலகை மாமா:

அப்ப பங்குனியில என்னத்தையோ மாத்தியிருக்கே. ஒரு வெள்ளைத் தாளை எடு. பாதியை ஈசல் மேல ஒட்டு, பாதியை வாசல் நிழல்ல வை. ரெண்டையும் போன்ல படம் எடு. சும்மா எடுத்தா போன் தானாவே சரிபண்ணி ரெண்டையும் வெள்ளையாக் காட்டிடும். ப்ரோ மோடுல வெயில் படம் போட்ட ஒயிட் பேலன்ஸ் இருக்கும், அதுல நிறுத்திட்டு எடு.

கும்பகோணம் பேட்ச்:

கூடவே ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு படம் போடுங்கள். எல்லோரும் ஸ்டுடியோவுக்குள் என்ன இருக்கிறது என்றே கேட்கிறோம். வெளிச்சம் எதன் மேல் பட்டு, எதைத் தாண்டி உள்ளே வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் எதிர்ச்சுவருக்கு மஞ்சள் அடித்த வீடு ஒன்றில் தங்கி ஒரு பருவம் முழுக்க நீலம் பாரித்த முகங்களாக வரைந்து தள்ளியவள் நான்.

தறிக்கூடம்:

எல்லாரும் சிரிக்காதீங்க.

ஈசல்ல ஒட்டின தாள் பச்சை. லேசான பச்சை இல்லை, வெள்ளரிப் பிஞ்சுப் பச்சை. வாசல் தாள் சுத்த வெள்ளை. வெளியே போய்ப் பார்த்தா ஜன்னலை மூடி நானே கட்டின பசுமை வலை, 75 சதவீத நிழல் வலை. பங்குனிக் கடைசியில காலை வெயில் நேரா ஈசல் மேல விழ ஆரம்பிச்சதுன்னு கட்டினேன். பக்கத்து வீட்டு மாடியில, எதிர்க்கடையில எல்லாம் இதே வலைதான், கண்ணுக்குப் பழகிப்போச்சு. உள்ள நின்னா பச்சைன்னே தெரியலை.

ஆனா ஒண்ணு புரியலை. பச்சை வெளிச்சத்துல வரைஞ்சா படம் எப்படிச் சிவப்பாகும்?

கும்பகோணம் பேட்ச்:

உங்கள் டேப்லெட்தான் காரணம். அதற்கு அறை வெளிச்சம் தேவையில்லை, தானே ஒளிர்கிறது. அதில் அப்பாவின் கன்னம் சரியான நிறத்தில்தான் தெரிகிறது. நீங்கள் அதே நிறத்தைத் தட்டில் கலக்கிறீர்கள். அந்தக் கலவை மேல் விழுவது வலை வடிகட்டிய பச்சை வெளிச்சம், அதனால் கன்னம் கொஞ்சம் பாசி படிந்த மாதிரி தெரிகிறது. பச்சையை அடிக்கச் சிவப்பு. துளி சேர்க்கிறீர்கள், இன்னும் துளி சேர்க்கிறீர்கள், திரையோடு ஒத்துப்போகிறது. ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் அந்தப் பச்சை இல்லை, நீங்கள் சேர்த்த சிவப்பு மட்டும் மிஞ்சி நிற்கிறது. நேரில் ஒருவரை உட்கார வைத்து வரைந்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது. அவர் முகத்தின் மேலும் அதே பச்சை விழுந்திருக்கும்.

வடக்கு ஜன்னல் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஐரோப்பியர்களின் அறிவுரை. அங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். சேலம் இருப்பது சுமார் 11.6 டிகிரி வடக்கில். ஏப்ரல் 20-ஐ ஒட்டி நம் தலைக்கு நேர் மேலே வரும் சூரியன், ஆகஸ்ட் 22 வரைக்கும் உச்சியில் நமக்கு வடக்கேதான். உச்சி வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம், ஜூன் 21 அன்றுகூட அது உச்சியிலிருந்து 12 டிகிரிதான் சாயும், ஒன்றரை அடி சன்ஷேடு உங்கள் 4 அடி ஜன்னலை முழுசாக மறைத்துவிடும். தொந்தரவு காலையும் மாலையும்தான். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் கிழக்குக்குக் கொஞ்சம் வடக்கே உதிக்கிறது, பக்கவாட்டில் சாய்ந்து உள்ளே வரும். தை, மாசியில் உங்களுக்கு வெயிலே வரவில்லை, வலையும் தேவைப்படவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறதா?

தறிக்கூடம்:

மேடம், காலைல 8-லேர்ந்து 9 வரைக்கும் வலது பக்கமாத்தான் வரும். அப்படியே பொருந்துது. வலையைக் கழட்டிட்டா வெயிலுக்கு என்ன பண்றது?

பலகை மாமா:

ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் செங்குத்தா ஒரு பலகை, ஒன்றரை அடி நீட்டி நிறுத்து. குதிரைக்குக் கண்பட்டை கட்டற மாதிரி. உள்பக்கம் வெள்ளை மல் துணி ஒரு திரை. அம்மாபேட்டையில இருந்துட்டு துணிக்கு எங்கிட்ட வழி கேட்காதே. ப்ளீச் பண்ணின வெள்ளையா வாங்கு, காடாத் துணி மஞ்சள் அடிக்கும்.

கோரிமேடு:

ட்யூபையும் மாத்துங்க, ராத்திரி வேட்டியும் மஞ்சள் அடிச்சிருக்கும். மாட்டும்போது ஃபேனுக்கு மேல மாட்டாதீங்க, றெக்கை நிழல் கேன்வாஸ்ல வெட்டி வெட்டி ஓடும். ஈரப் பெயின்ட் பளபளன்னு கண்ணைக் கூசினா ஈசலோட தலைப்பக்கத்தைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சுக்கலாம். டேப்லெட் பிரைட்னெஸ் ஆட்டோவுல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க.

தறிக்கூடம்:

நன்றி நன்றி. வலை கழட்டியாச்சு. ஸ்டுடியோ போட்டோ கேட்டிருந்தீங்க, இதோ. குப்பையா இருக்கேன்னு பார்க்காதீங்க, எண்ணெய்த் துணியெல்லாம் தறிக்குழிக்குள்ள போட்டுப் பலகையால மூடி வெச்சிருக்கேன், வெளியே தெரியாது.

கும்பகோணம் பேட்ச்:

நில்லுங்கள். என்ன துணி? லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், துடைத்ததா?

தறிக்கூடம்:

ஆமாங்க. லின்சீட், டர்பன்டைன் ரெண்டும் துடைச்சது. தை மாசத்துலேர்ந்து சேர்ந்தது. அரைச் சாக்கு இருக்கும்.

கும்பகோணம் பேட்ச்:

இதைப் படித்ததும் எழுந்து போய் எடுங்கள், பதில் அப்புறம் எழுதலாம். லின்சீட் காய்வது தண்ணீர் ஆவியாவது போல இல்லை, காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து காய்கிறது, அப்போது சூடு வரும். துணி விரித்துக் கிடந்தால் சூடு போய்விடும். கசக்கிக் குவித்தால் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போய், யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். டர்பன்டைன் ஆவி காற்றைவிடக் கனம், குழி தேடிப் போய்த்தான் தங்கும். மேலே மரப்பலகை, அதற்கு மேல் சிமென்ட் ஷீட் சூடு, சித்திரை வைகாசி. எதையும் விட்டுவைக்கவில்லை நீங்கள்.

கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல், துணியைத் தண்ணீர் உள்ள வாளியில் போட்டு அமுக்குங்கள். இனிமேல் மூடி போட்ட தகர டின், உள்ளே தண்ணீர், அதில் மட்டும்தான் துணி. அதையும் நிறையவிடாமல் அப்பப்போ காலி செய்யுங்கள்.

தறிக்கூடம்:

எடுத்துட்டேன். வாளி பத்தலை, அண்டா வந்துச்சு. அடியில இருந்த துணி ஒண்ணு கையில வெதுவெதுன்னு இருந்துச்சு. அதுக்கு மேல எழுத வரலை இன்னைக்கு.

ஏற்காடு 20-வது வளைவு:

அண்ணா, எனக்கே வயித்தைக் கலக்கிடுச்சு. என் ரூம் மூலையையும் பார்த்துட்டு வந்துட்டேன்.

தறிக்கூடம் (பன்னிரண்டு நாள் கழித்து):

ஒரு தகவல் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். கண்பட்டைப் பலகை போட்டாச்சு, மல் துணியும் கட்டியாச்சு, தாள் இப்ப வெள்ளையாத் தெரியுது. தம்பதி படத்துல ரெண்டு முகத்தையும் சுரண்டிட்டு மறுபடி ஆரம்பிச்சேன். ஃபேர்லேண்ட்ஸ் படத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்திருக்கேன். காய்ஞ்சிருச்சு, முழுசா மறுபடி வரையணுமா?

அடுத்தது, தறிக்குழியைக் கான்கிரீட் போட்டு மூடிடலாமா? 3-க்கு 2 அடி, ஆழம் ரெண்டரை. அதைப் பார்த்தாலே இப்ப பயமா இருக்கு.

கும்பகோணம் பேட்ச்:

முழுசாக வரைய வேண்டாம். விரிடியன் பச்சையில் ஊசிமுனையளவு எடுத்து, பெயின்டை இளக்கும் மீடியத்தில் நன்றாகக் கரைத்து, கன்னத்திலும் மூக்கு நுனியிலும் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பூச்சு. பத்தவில்லை என்றால் அது காய்ந்த பிறகு இன்னொன்று. வாசல் வெளிச்சத்தில் வைத்துச் செய்யுங்கள். ஒரேயடியாகப் போட்டால் அப்பாவுக்குக் கோபம் போய்க் காமாலை வரும்.

குழியை மூடாதீர்கள். 1866-ல் பிரெஞ்சு ஓவியர் மோனே இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு படத்தைத் தோட்டத்தில் வைத்து வரைந்தார், தோட்டத்துப் பெண்கள் படம். ஏணியில் ஏறி வரைந்தால் பார்வைக் கோணம் மாறிவிடும் என்று மண்ணில் பள்ளம் தோண்டி, கப்பி கட்டிக் கேன்வாஸைக் கீழே இறக்கி மேல்பாகத்தை முடித்தார். உங்கள் குழி அகலத்துக்குக் கேன்வாஸ் இறங்காது. நீங்கள் இறங்கலாமே. 6 அடிப் படத்தில் சேலைக் கரை, கால் விரலெல்லாம் குனிந்து வரைந்தால் முதுகு போகும். கேன்வாஸைக் குழி ஓரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே நின்றால் கரை உங்கள் கண்ணுக்கு நேராக வரும். ஏறி இறங்க ஒரு படி மட்டும் வையுங்கள், தள்ளிப் போய்ப் பார்க்காமல் வரைய முடியாது.

தறிக்கூடம்:

இறங்கிப் பார்த்தேன். கரை ஜரிகை நேரா முகத்துக்கு முன்னால இருக்கு! அம்மா எட்டிப் பார்த்துட்டு, "உங்க தாத்தா காலை மட்டும்தான் உள்ள விட்டாரு, நீ மொத்தமா இறங்கிட்டே"ன்னு சொல்லிட்டுப் போறாங்க.

கடைசிச் சந்தேகம் மாமா. சுவரெல்லாம் இப்ப இளம்பச்சை டிஸ்டெம்பர். சாம்பல் அடிச்சா நல்லதுன்னு சொல்றாங்க. செவ்வாய்பேட்டையில சாம்பல்னு கேட்டா போதுமா?

பலகை மாமா:

கேட்டா நீலச் சாம்பல் கொடுப்பான். சரி வீட்டிலேயே கலக்கிக்கலாம்னு வெள்ளையில கறுப்பு ஸ்டெய்னர், அதான் பெயின்டுல கலக்கற நிறச் சாயம், ஊத்தினாலும் நீலமாத்தான் அடிக்கும். எல்லோ ஆக்சைடு ஸ்டெய்னர் சில சொட்டு சேர்த்துக் கலக்கு. ஒரு அட்டையில அடிச்சுக் காயவிட்டு, உன் வெள்ளைத் தாளைப் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் சுவருக்குப் போ. ஈரத்துல பார்த்து முடிவு பண்ணாதே, காய்ஞ்சா வேற நிறம். ஈசலுக்குப் பின்னாடி இருக்கற சுவரும் எதிர்ச்சுவரும் அடிச்சாப் போதும், நாலு சுவருக்கும் செலவு பண்ணாதே.

தறிக்கூடம்:

சரிங்க மாமா, ஞாயித்துக்கிழமை அடிக்கறேன். யாருக்காவது பசுமை வலை வேணுமா? 10 அடி, ரெண்டு மாசம்தான் கட்டினது.

ஏற்காடு 20-வது வளைவு:

நாத்துக்கு நிழல் கட்ட எனக்கு வேணும் அண்ணா. அடுத்த வாரம் கீழே வரேன்.