ஏழாவது குதிப்புக்கு முன்னே களிப்பு எங்கே போயிற்று?

கேள்வி (டோங்காட், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். சென்ற ஆண்டு விமானத்திலிருந்து பயிற்றுநரோடு பிணைக்கப்பட்டுப் பாராசூட்டில் குதித்த டாண்டம் குதிப்பில் கிடைத்த களிப்புதான் என்னை, தனியே குதிக்க நிலை நிலையாகப் பழக்கும் ஏ.எஃப்.எஃப். பயிற்சியில் சேர வைத்தது. நான்காம் நிலையில் பயிற்றுநர் பிடியை விட்டதும் உடல் இடப்பக்கமாகச் சுழன்றுவிட்டதால், அதை இரண்டு முறை திரும்பச் செய்ய நேர்ந்தது. அன்று முதல் சனிக்கிழமை காலை என்றாலே வயிற்றைப் பிசைகிறது. காற்று அடங்கட்டும் என்று மாணவர்களைத் தரையில் காக்க வைக்கும் மணிக்கணக்கான நேரம் குதிப்பைவிடக் கொடுமையாக இருக்கிறது. தீ மிதிக்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு யோசிப்பதில்லை என்கிறார் அம்மா. இதைத் தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில் 1 (டர்பன்):
தம்பி, எனக்கும் இதே நிலையில்தான் சிக்கல் வந்தது. அச்சத்தில் மூச்சை அடக்கினால் உடல் விறைக்கும். ஒரு கால் மற்றதைவிடச் சிறிது கூடுதலாக மடங்கினாலும், மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காற்று உடலைத் திருப்பிவிடும். பயிற்றுநர் எடுத்த காணொளியில் உங்கள் முழங்கால்களை மட்டும் பாருங்கள். கதவு திறந்ததும் மூச்சை நீளமாக வெளியே விட்டு, தொடுவானத்தை நோக்குங்கள். 12,000 அடியில் வெளியேறி 5,500 அடியில் பாராசூட்டைத் திறந்தால் வீழ்ச்சி சுமார் 40 வினாடிதான்; அதில் தேர்வு எழுதப் போனால் வானத்தைப் பார்க்க ஏது நேரம்? ஆனால் பாராசூட் சரியாக விரிந்ததைச் சோதித்த பின், தரையிறங்கும் சுற்றைத் தொடங்கும் 1,000 அடி வரை சில நிமிடங்கள் உங்களுடையவை. நான் இழந்த மகிழ்ச்சி அங்கேதான் திரும்பக் கிடைத்தது.

பதில் 2 (ஜோகன்னஸ்பர்க்):
அக்கா சொன்னது சரி, ஆனால் எல்லா அச்சத்தையும் மூச்சால் ஊதிவிட முடியாது. பல வாரம் இடைவெளி விழுந்திருந்தால் தரைப் பயிற்சியை மீண்டும் கேளுங்கள்; மலைப்பக்கமிருந்து கடற்கரைக்கு வெப்பமாக இறங்கும் பெர்க் காற்று வீசும் நாளில் மனம் வேண்டாம் என்றால், அது சொல்வதைக் கேளுங்கள். நான் ஒருமுறை விமானத்திலேயே திரும்பி இறங்கியிருக்கிறேன், யாரும் சிரிக்கவில்லை. அந்த முடிவை உடனே பயிற்றுநரிடம் சொல்லிவிட வேண்டும்: பாராசூட்டைத் தானே திறக்கும் மாணவர்களின் தானியங்கித் திறப்புக் கருவி குறைந்த வேகத்திலேயே இயங்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், விமானம் வேகமாக இறங்கினால் உள்ளேயே இயங்கிவிடக்கூடும்; ஆகவே விமானி மெதுவாக இறங்க வேண்டியிருக்கும்.

கேட்டவர் மீண்டும்:
இருவருக்கும் நன்றி. காணொளியில் பார்த்தேன், இடது முழங்கால்தான். நேற்று பயிற்றுநரிடம் அச்சத்தை வெளிப்படையாகச் சொன்னேன். இந்த நிலையில் செய்ய வேண்டிய திருப்பங்களை இம்முறை ஒதுக்கிவிட்டு, நிலையாக விழுவதும் உயரமானியைப் பார்ப்பதும் மட்டுமே வேலை என்றார். சிறிது ஆடினேன், சுழலவில்லை. பாராசூட்டின் கீழே கரும்புக் காடு முழுவதும் ஒரே பச்சையாகத் தெரிந்தது. கொள்ளுத்தாத்தா குனிந்து வெட்டிய கரும்பை மேலிருந்து பார்க்கிறேன் என்ற நினைப்பில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நான்காம் நிலையை அடுத்த சனிக்கிழமை மறுபடியும் செய்ய வேண்டும், காற்று விட்டால்.